காவல் மணிக்கும் பூட்டுப் போடுங்கள்!

கடையில் விற்கும் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்றால், அந்தப் பூட்டை யாராவது வாங்குவார்களா?

வாங்கினார்கள்! உலகம் முழுவதும் லட்சக்கணக்கான பேர் வாங்கினார்கள். அது இரும்புப் பூட்டு அல்ல. இன்டர்நெட்டில் இணைந்த காவல் கருவி.

மணி அடிப்பது எப்படி?

கதவில் ஒரு காந்தம். நிலையில் ஒரு சிறிய கருவி. கதவு திறந்தால் காந்தம் விலகும். உடனே வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்குச் செய்தி போகும். பெட்டி சங்கு ஊதும். வீட்டுக்காரரின் செல்போனுக்கும் தகவல் பறக்கும். கேமரா இருந்தால், வெளியூரில் இருந்தபடியே வீட்டைப் பார்க்கலாம்.

வீட்டுக்காரர் பார்க்கலாம். சரி, வேறு யாராவது பார்த்தால்?

அதைத் தடுப்பதுதான் "பாஸ்வேர்டு" என்ற ரகசியச் சொல். பல கம்பெனிகள் எல்லாக் கருவிக்கும் "1234" போல ஒரே சொல்லை வைத்து விற்றன. வாங்கியவர் அதை மாற்ற வேண்டும். பலர் மாற்றவில்லை!

2016-ல் நடந்தது

2016-ம் ஆண்டில் "மிராய்" என்ற கள்ள புரோகிராம் கிளம்பியது. ஜப்பானிய மொழியில் "மிராய்" என்றால் "எதிர்காலம்" என்று பொருள். அதனிடம் இருந்தது, கம்பெனிகள் வைத்து அனுப்பும் சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டுமே! அவற்றை ஒவ்வொரு கருவியிலும் போட்டுப் பார்த்தது. திறந்தவற்றில் எல்லாம் புகுந்துகொண்டது. காவல் கேமராக்கள், படம் பதியும் பெட்டிகள் அதற்கு அடிமை ஆயின. கேமரா வழக்கம்போல ஓடியதால், வீட்டுக்காரர்கள் பலருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபர் 21-ந் தேதி, அந்த அடிமைக் கருவிகள் ஒன்றாகச் சேர்ந்து, அமெரிக்காவின் "டைன்" கம்பெனி மீது பாய்ந்தன. இன்டர்நெட் முகவரிகளைக் காட்டும் வழிகாட்டி போன்றது அந்தக் கம்பெனி. அது திணறியது. "ட்விட்டர்", "நெட்பிளிக்ஸ்" போன்றவை பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்கவில்லை.

மிராயை உருவாக்கிய 3 அமெரிக்க இளைஞர்கள், 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதற்கு முன்பே புரோகிராமை வெளியிட்டுவிட்டார்கள். அதை யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

வேடிக்கை என்ன தெரியுமா? கருவியை அணைத்துப் போட்டால் மிராய் போய்விடும்! ஆனால் பாஸ்வேர்டை மாற்றாவிட்டால், மறுபடியும் வந்துவிடும்.

செய்ய வேண்டியது என்ன?

கருவியைப் பொருத்திய அன்றே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அது நீளமாக இருக்க வேண்டும். வேறு எதற்கும் அதே சொல்லை வைக்கக் கூடாது. கம்பெனி அனுப்பும் திருத்தங்களையும் அவ்வப்போது ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, நேரம். வீட்டுக்காரர் உள்ளே வந்து மணியை நிறுத்தச் சிறிது அவகாசம் வேண்டும். 30 விநாடி என்று வைத்துக்கொள்வோம். அது மிகவும் குறைந்தால், வீட்டுக்காரரைப் பார்த்தே சங்கு ஊதும்! அதிகமானால், திருடனுக்குக் கொண்டாட்டம்.

ஒவ்வொரு கருவிக்கும் பெயர் வைப்பது நல்லது. நள்ளிரவில் "5-ம் நம்பர் திறந்தது" என்று செய்தி வந்தால் குழப்பம்தான். "கொல்லைக் கதவு திறந்தது" என்று வந்தால், எங்கே ஆபத்து என்பது உடனே புரியும்.

செல்போன் எண் மாறினால், கருவியிலும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் மணி அடிக்கும். செய்தி யாருக்கோ போகும்! மாதம் ஒரு முறை கதவைத் திறந்து சோதித்துப் பார்க்க வேண்டும். பேட்டரியையும் கவனிக்க வேண்டும்.

சட்டம் வந்தது

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் புதிய சட்டம் அமலுக்கு வந்தது. எல்லாக் கருவிக்கும் எளிதில் ஊகிக்கக்கூடிய ஒரே பாஸ்வேர்டை வைத்து அங்கே விற்கக் கூடாது.

ஆனால் பழைய கருவிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் தொங்குகின்றன. அவற்றை எந்தச் சட்டமும் வந்து மாற்றாது. வீட்டுக்காரர்தான் மாற்ற வேண்டும். அதற்கு ஆகும் நேரம், ஐந்தே நிமிடம்!