ஸ்டட் ஏன் அறுந்தது?

பழைய பஜரோவின் பின்சில்லு ஸ்டட் அறுந்தால் "பாரம் கூடிப்போச்சு" என்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி, இளகிய நட்.

இறுக்கும்போது ஸ்டட் ஸ்பிரிங்போல மயிரிழை நீளும். அந்த இழுவைதான் சில்லை ஹப்போடு அமுக்குகிறது. பாரம் தாங்குவது அங்குள்ள உராய்வு. இளகினால் சுற்றுக்குச் சுற்று ஸ்டட் வளைந்து நிமிரும். முறிந்த முகத்தைப் பாருங்கள்: ஒரு பக்கம் சிப்பி ஓடுபோல வரிவரியாக இருந்தால், வெடிப்பு மெல்ல வளர்ந்திருக்கிறது.

முன்சில்லுக்குக் கட்டை, பின்னுக்கு ஜக், ஸ்டாண்ட். ட்ரம்மைக் கழற்றி, பழையதை உள்ளே தட்டிவிடுங்கள். புதியதைப் பின்னாலிருந்து செருகி, வாஷர் அடுக்கி, நட்டை முறுக்கினால் ஸ்டட்டின் பற்கள் ஹப்பைக் கவ்வும். நானென்றால் அயல் ஸ்டட்களையும் மாற்றுவேன்.

புரிக்கு ஒயில் வேண்டாம். முறுக்கும் விசையில் ஏறத்தாழ பத்திலொரு பங்குதான் ஸ்டட்டை நீட்டும், மிச்சம் உராய்வோடு போகும். ஒயில் பட்டால் ஸ்டட் அளவுமீறி நீளும்.

ஸ்டட் மாற்றிவிட்டுப் பரந்தனில் புறப்பட்டால், முல்லைத்தீவில் இறங்கியதும் நட்டை இன்னொருதரம் இறுக்கிப் பாருங்கள்.