ஆல் பாஸ் பிள்ளைகளின் மௌனம்

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் 2020-ல் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டு மதிப்பெண் போட்டார்கள். மறு ஆண்டு பிளஸ் ஒன்னும் ஆல் பாஸ். 2022 மே மாதம் பிளஸ் டூ எழுத உட்கார்ந்ததுதான் அவர்களுக்கு முதல் பொதுத்தேர்வு. "கொடுத்துவைத்த பிள்ளைகள், படிக்காமலே பாஸ்" என்று உறவும் தெருவும் பேசின. பிள்ளைகள் எதிர்த்துப் பேசவில்லை. பேசாதவர்களுக்குப் பாதிப்பும் இல்லை என்று பெரியவர்கள் முடிவுகட்டியதுதான் கொரோனா காலத்தில் அவர்களுக்கு நாம் செய்த பெரிய அநீதி.

பதின்வயதினருக்கு நோய் முற்றுவது அரிது என்று தொடக்கம் முதலே சொல்லப்பட்டது. அதனால் பலருடைய பயம் தங்களைவிட்டு வீட்டுக்காரர்கள் மேல் திரும்பியது: நம்மால் தாத்தாவுக்கு வந்துவிடுமோ, அப்பாவுக்குக் கூலி நின்றுபோனால் ஃபீஸ் எப்படிக் கட்டுவது? ஏற்கெனவே தவிக்கிற அம்மாவிடம் இதைச் சொன்னால் அவர் பாரம் கூடும். ஆகவே வாயை மூடிக்கொள்வதையே அவர்கள் சமாளிக்கும் வழியாக்கிக்கொண்டார்கள். குழந்தைகளுக்கான ஐ.நா. அமைப்பு 2021-ல் வெளியிட்ட 21 நாடுகளின் கருத்துக்கணிப்பும் இதைத்தான் காட்டுகிறது. இந்தியாவில் 15 முதல் 24 வயதுள்ளவர்களில் ஏழில் ஒருவர் அடிக்கடி மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இருப்பதாகச் சொன்னார். மனப்பிரச்சினைக்குப் பிறர் உதவியை நாடுவது நல்லது என்றவர்கள் 41 சதவீதம் மட்டுமே. அத்தனை நாடுகளின் சராசரியோ 83.

கையில் போன் இருந்தது, நாளெல்லாம் நண்பர்களோடுதானே பேசினார்கள் என்பார்கள் சிலர். எத்தனை வீடுகளில் ஆளுக்கொரு போன் இருந்தது? அப்பா வேலைக்கு எடுத்துப்போன ஒரே ஆண்ட்ராய்டு போன் இரவில்தான் வீடு திரும்பும். அதற்கும் அக்கா, தம்பி என்று வரிசை. ஒற்றை அறை வீட்டில் எதைப் பேசினாலும் நான்கு காதுகளில் விழும். ஆன்லைன் வகுப்பில் சுவரும் பாத்திரமும் தெரிந்துவிடக்கூடாது என்று கேமராவை அணைத்துவைத்த பிள்ளை, மனதில் இருப்பதை எங்கே திறக்கும்? இளவயது எதையும் தாங்கும் என்பதும் பலர் விஷயத்தில் உண்மைதான். ஆனால், தாங்கியவர் யார், தாங்குவதுபோல் இருந்தவர் யார் என்று கேட்டால்தான் தெரியும்.

என் கவலையெல்லாம் இந்த மௌனம் பழக்கமாகிவிடுவது பற்றியே. நோய்ப் பயம் போய்விட்டது. அதோடு மனநலப் பேச்சும் போய்விட்டால், அடுத்த நெருக்கடியிலும் பிள்ளைகள் இதே வழியைத்தான் பிடிப்பார்கள். உதவி எண்கள் இருக்கின்றனவே என்றால், உதவி கேட்பதையே தவறென்று நினைக்கிற பிள்ளை எந்த எண்ணையும் அழுத்தாது. மாற்றுவழியை அந்தக் காலமே காட்டியிருக்கிறது. 2022 ஜனவரி 3 முதல் 15-18 வயதினருக்கான தடுப்பூசி பள்ளிக்கூடங்களுக்கே வந்தது. வகுப்பே வரிசையில் நின்றதால் யாருக்கும் கூச்சமில்லை. மனநல ஆலோசகரும் அப்படியே வரவேண்டும். பிரச்சினை உள்ள பிள்ளையைத் தனியே பொறுக்கி அனுப்பாமல், உயரமும் எடையும் பார்ப்பதுபோல, ஆண்டுக்கு இருமுறையாவது ஒவ்வொரு மாணவரும் ஆலோசகரோடு தனியாக உட்கார்ந்து பேசும் நேரத்தைக் கால அட்டவணையிலேயே சேர்க்க வேண்டும்.