தீ வருமுன் கைகோர்ப்போம்!

தீயணைப்பு வீரர்களின் தீரத்தில் நமக்கு ஐயமில்லை. தீரம் மட்டும் போதுமா? 2004 ஜூலை 16இல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 பிஞ்சுகள் கருகின. ஓலைக் கூரையையும் ஒடுங்கிய படிக்கட்டையும் முன்பே கண்டு தடுத்தவர் யார்?

செட்டிநாட்டைப் பாருங்கள்! ஒரு தெருவில் தலைவாசல், மறு தெருவில் பின்வாசல். நடுவே பர்மாத் தேக்கு. பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. தீப்பற்றினால் சாவி யாரிடம்? எந்த ஊருணியில் தண்ணீர்? எந்தச் சந்தில் வண்டி நுழையும்?

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, எல்லாத் துறைகளையும் இணைக்கும் மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரே தலைவர். ஆனால் சந்தையும் சந்தும் அறிந்தவர் நாமல்லவா? தோழர்களே, தெருவாரியாகப் பட்டியல் எழுதித் தீயணைப்பு நிலையத்தில் கொடுங்கள். 101ஐ அழைத்தபின் சாவி தேடுவது மடமை. ஏட்டிலுள்ள சட்டம் தெருவுக்கு வரட்டும்!