கருவேலும் சீமைக்கருவேலும்

மரத்தின் பெயரால் ஊர் அமைவது தமிழ் மரபு. நம் புளியந்தோப்பும் அவ்வாறு பெயர் பெற்றதே. ஊர்ப்பெயரில் வாழும் மரத்தை நாம் அறிவோம். வேலியோரத்து முள்மரத்தையோ 'கருவேல்' எனப் பொதுப்படச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். எண்ணூர்ப் பக்கத்துத் தரிசுகளில் மண்டியிருப்பது சீமைக்கருவேல். அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிகளுக்குரிய அம்மரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. கருவேலோ இம்மண்ணுக்கே உரியது.

பெயர் ஒற்றுமையால் விளையும் கேடு சிறிதன்று. 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்றுமாறு ஆணையிட்டது. இத்தகைய பணிகளில் வேற்றுமை அறியாதார் கைக்கோடரி கருவேலையும் வீழ்த்திவிடும். பல்லுக்கு உறுதி தரும் குச்சி, மருந்துக்குப் பிசின், தோல் பதனிடப் பட்டை, ஏர்க்கருவிகளுக்கு வைரம் பாய்ந்த கட்டை ஆகிய அனைத்தும் தருவது கருவேல். ஏரிகளினுள்ளே நிற்கும் கருவேலில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன.

இவ்விரண்டையும் பிரித்தறியும் வழிகளைக் காண்போம்.

முதற்கண் பூவை நோக்குக. கருவேலின் பூ மஞ்சள் நிறச் சிறு பந்து போன்றது, மணமுடையது. சீமைக்கருவேலின் பூக்கள் நீண்ட கதிராகத் தொங்கும்.

அடுத்துக் காய். கருவேலங்காய் விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்த மாலை போலத் தோன்றும். மேலே சாம்பல் நிறப் பூம்பட்டு படர்ந்திருக்கும். மற்றதன் காய் அவ்வாறு ஆழ இடுங்காது. பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும். அதனை உண்ட ஆடுமாடுகளின் சாணத்தின் வழியே விதை பரவுகிறது.

கருவேலின் இலைக்காம்பில் கிளைக்காம்புகள் பல இணைகளாக அமையும். சிற்றிலைகள் மிக நுண்ணியவை. சீமைக்கருவேலில் அவ்விணைகள் ஒன்றோ இரண்டோதான். சிற்றிலைகள் சற்று நீண்டவை. கருவேலின் அடிமரம் கறுத்து ஆழ வெடித்திருக்கும். சீமைக்கருவேல் பெரும்பாலும் அடியிலேயே பலவாகக் கிளைத்து வளைந்து தாழும்.

முள் இரண்டிற்கும் உண்டு. ஆதலின் முள்ளை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் தகாது. நம் நாட்டு வன்னிக்கும் கதிர்ப்பூவே. ஆயின் வன்னியின் சிறு முட்கள் கணுவில் இணையாக நில்லாமல், கணுக்களுக்கு இடையே சிதறி நிற்கும்.

எனவே பூ, காய், இலை, அடிமரம் ஆகியவற்றை ஒருங்கே ஆராய்ந்த பின்னரே பெயர் சொல்லுதல் வேண்டும். மாணவர்கள் தத்தம் பகுதி மரங்களை இவ்வாறு கண்டு குறித்து வைப்பார்களாயின், வெட்டத்தகாத மரங்கள் பல உயிர் பிழைக்கும்.