நெல்லை அளந்தவர் நாட்டை ஆண்டார்

லிட்டில் இந்தியாவின் பஃப்ளோ சாலைப் பக்கம் உள்ள ஏதாவது ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்து, வரிசையாக அடுக்கியிருக்கும் தானியப் பொட்டலங்களைப் பாருங்கள். எல்லாமே ‘நம்ம ஊர்ச் சாமான்’ என்றுதான் தோன்றும். அவை பிறந்த ஊரைக் கேட்டாலோ பாதி உலகம் வந்து நிற்கும்.

சுண்டலுக்கு வாங்கும் கொண்டைக்கடலை, இன்றைய துருக்கியின் தென்கிழக்குப் பக்கம் முதலில் பயிரானது. மைசூர்ப் பருப்பின் பூர்வீகம் மைசூர் அல்ல. அதுவும் மேற்கு ஆசியாதான். கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலிருந்து வந்தது. முருகனுக்குப் படைக்கும் தினையை முதலில் விளைவித்தவர்கள் வடசீன மக்கள். நெல்லின் மூத்த வரலாறு சீனாவின் யாங்சி ஆற்றங்கரையில் தொடங்குகிறது.

அப்படியென்றால் தென்னிந்தியாவின் ஆதிப் பயிர்கள் எவை? கொள்ளும் பாசிப்பயறும் அவற்றில் முக்கியமானவை. குதிரைக்கும் மாட்டுக்கும் உரியது என்று நாம் ஒதுக்கிவைத்த கொள்ளுதான், நெல்லுக்கும் முன்பே தென்னிந்தியரின் சட்டியில் வெந்தது.

மாட்டுப் பட்டியில் தொடங்கிய கதை

ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய கர்நாடகம், தெலங்கானா, ஆந்திரப் பகுதிகளின் வறண்ட மேட்டுநிலங்களில் மாடு வளர்த்த மக்கள் வாழ்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற சாம்பல் மேடுகள் இன்றும் அங்கே இருக்கின்றன. அவை என்னவென்று நெடுங்காலம் யாருக்கும் புரியவில்லை. 1950களில் தெலங்கானாவின் உட்னூரில் அகழாய்வு செய்த ரேமண்ட் ஆல்ச்சின், அவை மாட்டுப் பட்டிகளில் குவிந்த சாணம் மீண்டும் மீண்டும் எரிக்கப்பட்டதால் உருவானவை என்று காட்டினார். அங்கே மாடுகளின் குளம்படித் தடங்கள்கூடப் பதிந்திருந்தன.

நம் தேக்கா வட்டாரத்துக்கும் மாட்டுப் பட்டி புதிதல்ல. ‘கெர்பாவ்’ என்றால் மலாயில் எருமை. கேகே மருத்துவமனையின் பெயரில் உள்ள ‘கண்டாங் கெர்பாவ்’, எருமைப் பட்டியைக் குறிக்கும். பெலிலியோஸ் சாலைக்குப் பெயர் தந்தவரும் மாட்டு வணிகர்தான்.

அந்த ஆதி மாட்டுக்காரர்கள் மழையை நம்பிப் பயறும் சிறுதானியமும் விதைத்தார்கள். பெல்லாரிக்கு அருகில் உள்ள சங்கனகல்லில் கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்துள்ளன. தமிழகத்தில் திருப்பத்தூர் மாவட்டப் பையம்பள்ளியில், 1960களில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்விலும் இவை கருகிய மணிகளாகக் கிடைத்தன.

வேளாண்மை இருந்தது. ஊர் இருந்தது. மாட்டுச் செல்வமும் இருந்தது. ஆனால் அரண்மனை இல்லை, வரி வாங்கியதற்கான தடயமும் இல்லை. விவசாயம் வந்தவுடன் அரசனும் வந்துவிட்டான் என்று பள்ளியில் படித்த நினைவு நமக்கு இருக்கலாம். தென்னிந்தியாவிலோ முதல் விதைப்புக்கும் முதல் வேந்தருக்கும் நடுவே 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. மேற்கு ஆசியாவில் அந்த இடைவெளி இன்னும் நீளம். அங்கே 10,000 ஆண்டுகளுக்கு முன்பே கோதுமையும் வாற்கோதுமையும் பயிராகிவிட்டன. உருக் போன்ற நகர அரசுகள் தலையெடுத்ததோ சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்புதான்.

மண்ணுக்குள் ஒளியும் கிழங்கு

இவ்வளவு தாமதம் ஏன்? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ஸ்காட், 2017ல் வெளியான ‘அகெய்ன்ஸ்ட் த கிரெய்ன்’ என்ற நூலில் ஒரு விளக்கம் தருகிறார். அரசு வேண்டுமென்றால் வரி வேண்டும். வரி வேண்டுமென்றால் விளைச்சல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரே சமயத்தில் முற்ற வேண்டும். அளக்கவும், மூட்டை கட்டவும், களஞ்சியத்தில் சேர்க்கவும் முடிய வேண்டும். நெல், கோதுமை போன்ற தானியங்கள் இப்படிப்பட்டவை. கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம். வரி வாங்க வருபவரின் கண்ணில் அது படுவதில்லை.

இந்த விளக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு சங்க இலக்கியத்தின் பக்கம் போனால், பாரியின் பறம்பு மலை வேறு மாதிரித் தெரிகிறது. மூவேந்தரும் அதை முற்றுகையிட்டபோது, ஏர் தொடாமலேயே அங்கே கிடைக்கும் நான்கு உணவுகளைக் கபிலர் புறநானூற்றில் எடுத்துச் சொல்கிறார்: மூங்கிலரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். எத்தனை நாள் முற்றுகையிட்டாலும் இந்த மலையைப் பட்டினி போட முடியாது என்பது அவர் வாதம். நான்கில் ஒன்றுகூட வயலில் விளைந்து களத்தில் குவிவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

குறுநில மன்னர் பலரின் பெயர் மலையோடும் மேட்டுநிலத்தோடும் சேர்ந்தே வருகிறது. பாரிக்குப் பறம்பு, ஓரிக்குக் கொல்லிமலை, ஆய்க்குப் பொதிகை. அதியமானின் தகடூரான இன்றைய தர்மபுரி இப்போதும் கேழ்வரகுச் சீமைதான். மூவேந்தரோ ஆற்றை ஒட்டி நிலைபெற்றார்கள். சோழருக்குக் காவிரி, பாண்டியருக்கு வைகை, சேரருக்குப் பெரியாறு.

அந்த ஆற்றங்கரைகளின் பயிர் நெல். தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில், முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல் உமியின் காலம் பொதுயுகத்துக்கு முன் 1155 என்று 2021ல் தமிழக அரசு அறிவித்தது. பழனிக்கு அருகில் பொருந்தலில், பேராசிரியர் கா. ராஜன் கண்டெடுத்த நான்கு கால் சாடி ஒன்றில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அது சுமார் 2,500 ஆண்டுப் பழமையானது. இறந்தவரோடு நெல்லைப் புதைத்திருக்கிறார்கள் என்றால் அது வெறும் சாப்பாடு அல்ல, மதிப்புக்குரிய பொருளாகவும் ஆகிவிட்டது.

நெல் ஒன்றே வேந்தரை உருவாக்கியது என்று சொல்லிவிட முடியாது. கடல் வணிகமும் முத்தும் மிளகும் அவர்களுக்குப் பொருள் தந்தன. வடசீனாவின் பழைய அரசுகளோ சிறுதானியத்தை நம்பியே எழுந்தன. ஆனாலும் ஒன்று பொது. எங்கே விளைச்சலை ஓரிடத்தில் குவித்து அளக்க முடிந்ததோ, அங்கே அரசு வேர்விட வழி பிறந்தது.

அளவைக்கு அரசன் பெயர்

இதன் உச்சத்தைச் சோழர் காலத்தில் பார்க்கலாம். ராஜராஜன் ஆட்சியில், 1001ஆம் ஆண்டு வாக்கில் நிலங்கள் அளக்கப்பட்டன. அந்தப் பணியோடு ‘உலகளந்தான்’ என்ற பட்டமே ஏற்பட்டது. வரிக் கணக்குக்குப் ‘புரவுவரித் திணைக்களம்’ இருந்தது. நெல் அளக்கும் மரக்காலுக்கு அரசனின் பட்டப்பெயரான ‘ராஜகேசரி’ என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரும் ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலும் அதே அளவுதான். ஒன்று அரசன் பெயர், மற்றொன்று இறைவன் பெயர்.

அளக்கத் தெரிந்த அரசுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். அதை அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொன்னவர் பிசிராந்தையார். புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு யானை. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால், சிறு வயல்கூட யானைக்குப் பல நாள் தாங்கும். யானையே வயலுக்குள் இறங்கிவிட்டால், அது தின்பதைவிட மிதித்து அழிப்பதே அதிகமாகும். வரி வாங்கும் முறையும் அப்படித்தான் என்றார்.

வயல் இல்லாத நாட்டின் களஞ்சியம்

சிங்கப்பூரில் நெல் வயல் இல்லை. நம் உணவில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இங்கு உற்பத்தியாகிறது. அதனால் களஞ்சியத்தின் வேலை இங்கே குறைந்துவிடவில்லை, கூடியிருக்கிறது. அரிசிக் கையிருப்புத் திட்டத்தின்கீழ் இறக்குமதியாளர்கள் இரண்டு மாத இறக்குமதிக்கு ஈடான அரிசியைச் சேமிப்பில் வைத்திருக்க வேண்டும். 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தபோது, அந்தக் கையிருப்பின் அருமை பல வீடுகளுக்குப் புரிந்தது. அடுத்த மாதமே சிங்கப்பூருக்கு அரிசி அனுப்ப இந்தியா இசைந்தது. அரிசி அன்றும் இன்றும் அரசியல் பொருள்தான்.

இதில் குடும்பங்களுக்கும் ஒரு செய்தி உண்டு. அரிசிச் சோறு உயர்வு, கூழும் களியும் ஏழையின் உணவு என்ற எண்ணம் பல தலைமுறைகளாக நம்மிடம் இருக்கிறது. அது நாவின் தீர்ப்பு மட்டுமல்ல. களஞ்சியத்துக்குள் போன தானியத்துக்குக் கிடைத்த மரியாதையும் அதில் கலந்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பு 2023ஐ அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகுதான், நம்மில் பலர் கேழ்வரகையும் சாமையையும் மறுபடி கூடையில் போடத் தொடங்கினோம்.

அடுத்த முறை வீட்டில் கொள்ளு ரசம் வைக்கும்போது பிள்ளைகள் முகம் சுளித்தால், எந்த அரசனும் கேட்டு வாங்குவதற்கு முன்பே நம் முன்னோர் தமக்காக விளைவித்துக்கொண்ட பயிர் அது என்று சொல்லிப் பாருங்கள்.