சோளச் சைலேஜ்: தின்றது பாலாக மாற வேண்டுமானால்

மீள்குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு நாளாந்தம் கையில் காசு வருவது ஒன்றிரண்டு கறவை மாடுகளால்தான். ஆனால் வன்னியில் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை புல் காய்ந்துவிடும், பாலும் குறைந்துவிடும். மேய்ச்சல் தேடி மாடு தூரப் போகத் தொடங்கும். மிதிவெடி அபாய அடையாளம் இடப்பட்ட இடத்துக்குள் மாடு போனால், அதைத் திருப்பப் போகும் பிள்ளைக்கும் ஆபத்து. வீட்டோடு தீனி இருந்தால் இந்தக் கவலை குறையும்.

பெரும்போகத்தில் விதைத்த சோளத்தைத் தண்டு, இலை, பொத்தியோடு பச்சையாக வெட்டி, காற்றுப் புகாமல் அடைத்துப் பதப்படுத்துவதே சைலேஜ். அதைச் செய்து வைப்பது பாதி வேலைதான். மாடு தின்னும் சைலேஜ் சமிபாடடையாமல் சாணத்தோடு வெளியே போனால் உங்கள் உழைப்பும் அதோடு போய்விடும். அதைத் தடுக்கும் வழிகளை இங்கே பாருங்கள். பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை, கவனம்தான் தேவை.

மாட்டின் வயிற்றில் நடப்பது

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதலாவதான பெரிய அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தண்டிலும் இலையிலும் உள்ள நாரை உடைப்பவை அவைதான். அவை நன்றாக வேலை செய்ய மூன்று விடயங்கள் வேண்டும்: முற்றிப்போகாத நார், உடைந்த மணி, போதிய புரதம். சோளச் சைலேஜில் மாப்பொருள் நிறைய உண்டு, புரதம் குறைவு. ஈரத்தை நீக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்குதான் புரதம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும் நாளை மணியிடம் கேளுங்கள்

பொத்தியின் நடுவிலிருந்து ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்துங்கள். பால் பீறிட்டால் இன்னும் நேரம் இருக்கிறது. நகம் இறங்காவிட்டால் பிந்திவிட்டீர்கள். பிசைந்த மாவைப் போல இருந்தால் அதுவே சரியான பருவம்.

ஈரத்தையும் பாருங்கள். வெட்டிய துண்டுகளில் ஒரு கைப்பிடி எடுத்து, அரை நிமிடம் இறுகப் பொத்திப் பிடித்துக் கையை விரியுங்கள். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். உருண்டை உடனே உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. தண்ணீர் சொட்டாமல் உருண்டை மெதுவாக விரிந்தால் வேலையைத் தொடங்கலாம்.

தண்டின் அடிப்பகுதிதான் மிகக் கடினமானது. போதிய பயிர் இருந்தால் நிலத்திலிருந்து ஒரு முழம் விட்டு வெட்டுங்கள். அளவு சற்றுக் குறைந்தாலும் மிச்சம் நன்றாகச் சமிபாடடையும். படைப்புழுவுக்கு மருந்து அடித்திருந்தால், போத்தலில் குறிப்பிட்டுள்ள நாட்கள் கழியும் வரை வெட்ட வேண்டாம்.

துண்டு சிறிதாகட்டும், மணி உடையட்டும்

துண்டுகள் ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரை இருக்கட்டும். நீளமாக இருந்தால் இறுக்கி மிதிக்க முடியாது, மாடும் தண்டை ஒதுக்கிவிடும். மாவாக அரைத்தாலும் கெடுதல்தான். மாடு அசைபோடுவது குறையும், பாலில் கொழுப்பும் குறையும். கொழுப்புக் குறைந்தால் பால் சேகரிப்பு நிலையத்தில் கிடைக்கும் விலையும் குறையும்.

முழு மணியின் தோலை நுண்ணுயிர்களால் எளிதில் துளைக்க முடியாது. கையால் வெட்டுபவர்கள் பொத்திகளைத் தனியாக நறுக்கி, உலக்கையால் இரண்டு இடி இடித்து மணிகளை உடைத்த பின் மற்றவற்றோடு கலந்துவிடுங்கள்.

காற்றை வெளியேற்றுங்கள்

200 லீற்றர் பிளாஸ்ரிக் பரலில் ஏறத்தாழ 100 கிலோ சைலேஜ் பிடிக்கும். பூச்சிமருந்து, இரசாயனம் இருந்த பரல்களை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்த வேண்டாம். ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பி மிதியுங்கள், மறுபடி நிரப்பி மிதியுங்கள். அன்றே நிரப்பி அன்றே மூட வேண்டும். ஒரு மாடு மட்டும் உள்ளவர்களுக்கு 40 அல்லது 50 கிலோ பிடிக்கும் தடித்த பொலித்தீன் பைகள் நல்லது. திறந்த பை நாலைந்து நாளில் முடிந்துவிடும், வெயிலில் கெட நேரம் இருக்காது. எலி கடிக்காத இடத்தில் வையுங்கள்.

காற்று இல்லாத இடத்தில் சோளத்திலுள்ள சீனி புளித்து அமிலமாகிறது. அந்த அமிலம்தான் தீனியைக் காக்கிறது. சோளத்தில் இயல்பாகவே போதிய சீனி உண்டு. ஆகவே சீனிப்பாகு வாங்கிக் கலக்கத் தேவையில்லை. குறைந்தது நான்கு வாரம் திறக்காமல் வையுங்கள். மாதங்கள் செல்லச் செல்ல மணியிலுள்ள மாப்பொருள் இன்னும் எளிதாகச் சமிபாடடையும். தை மாதத்தில் மூடியதை ஆனியில் திறப்பவருக்கு இது ஒரு இலாபம்.

கொடுக்கும் முறை

முதல் நாளே நிறையப் போட வேண்டாம். 2 கிலோவில் தொடங்கி, பத்து நாட்களில் மெதுவாகக் கூட்டுங்கள். வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புதிய தீனிக்குப் பழக அவகாசம் வேண்டும். நடுத்தரக் கலப்பினப் பசுவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 கிலோ வரை போதும். அதைக் காலையும் மாலையும் பிரித்துக் கொடுங்கள். கொஞ்சம் வைக்கோலும் போட்டால் மாடு நன்றாக அசைபோடும்.

புரதக் குறைவை ஈடுசெய்ய வேலியைப் பாருங்கள். சீமைக்கிளுவை இலையில் சோளச் சைலேஜைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான புரதம் உண்டு. அதன் மணத்தால் சில மாடுகள் முதலில் தின்னாது. முதல் நாள் மாலை வெட்டி வாட வைத்து, மறுநாள் சைலேஜோடு கலந்து கொடுங்கள். இப்பில் இப்பில் இலையையும் கொடுக்கலாம், ஆனால் அளவோடு. வசதி இருந்தால் தேங்காய்ப் புண்ணாக்கும் சேர்க்கலாம்.

புரதத்துக்காக யூரியாவை நீங்களாகக் கலக்க வேண்டாம். அளவு தவறினால் மாடு சில மணி நேரத்திலேயே இறந்துவிடும்.

சுத்தமான தண்ணீர் இரவும் பகலும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த பகுதியையும் அழுகல் மணம் வீசும் பகுதியையும் எறிந்துவிடுங்கள். நல்ல சைலேஜ் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், இனிய புளிப்பு மணம் வீசும். கரும்பழுப்பாகிப் புகையிலை மணம் வந்தால், உள்ளே காற்று இருந்து சூடேறியிருக்கிறது என்று பொருள். அதில் சத்தும் குறைவு.

சாணம் சொல்லும் சேதி

வாரத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி சாணத்தை அரிதட்டில் இட்டுத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள்.

• முழு மணிகள் பல கிடந்தால்: அடுத்த முறை நேரத்தோடு வெட்டி, மணியை உடைத்து அடையுங்கள். இம்முறை, கொடுப்பதற்கு முன் பெரிய மணிகளை நசுக்கிப் போடுங்கள்.
• நீண்ட நார் நிறைய இருந்தால்: பயிர் முற்றியிருக்கலாம் அல்லது புரதம் போதாது. இலைத் தீனியைக் கூட்டிப் பாருங்கள்.
• சாணம் தண்ணீராகி நுரைத்தால்: சைலேஜைக் குறைத்து வைக்கோலைக் கூட்டுங்கள்.

மாடுகள் ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் பாருங்கள். அசைபோட்டுக்கொண்டிருந்தால் வயிறு நன்றாக இருக்கிறது. தீனியை மறுத்து, அசைபோடாமல் ஒரு நாள் நின்றாலும் உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள்.

நாளுக்கு 10 கிலோ வீதம் ஒரு பசுவுக்கு மூன்று மாதத்துக்கு 900 கிலோ வேண்டும். முதல் வருடத்திலேயே அவ்வளவும் செய்யவேண்டும் என்றில்லை. இந்தப் போகத்தில் இரண்டு மூன்று பைகள் அடைத்து, கொடுத்துப் பார்த்து, சாணத்தையும் பால் அளவையும் கொப்பியில் குறித்து வையுங்கள். அடுத்த போகத்தில் எத்தனை பைகள் அடைப்பது, எதை மாற்றுவது என்பதை அந்தக் கொப்பி உங்களுக்குச் சொல்லும்.