கோணல் இதயங்களின் திருநாள்

பிப்ரவரி 14 காதலர்களுக்கு மட்டுமே சொந்தமா? கத்தரிக்கோலும் பசையும் கையில் கிடைத்தால் குழந்தைகள் வேறு பதில் சொல்வார்கள்.

பிப்ரவரி பிறந்ததுமே பெருநகரங்களின் கடைவீதிகள் சிவப்புக்கு மாறிவிடுகின்றன. தில்லி கன்னாட் பிளேஸ் ஆனாலும் சரி, பெங்களூர் பிரிகேட் ரோடு ஆனாலும் சரி, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இதயங்கள் தொங்குகின்றன. கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஆறு வயதுக் குழந்தை, "இது எதுக்கும்மா?" என்று கேட்டால் நடுத்தர வர்க்கப் பெற்றோர் பலர் தடுமாறிப் போகிறார்கள். "அதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம்" என்று இழுத்துக்கொண்டு போவது ஒரு வழி. கேட்டதை வாங்கிக் கொடுத்து வாயடைப்பது இன்னொரு வழி. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வீட்டில் கிடக்கும் காகிதங்களைப் பொறுக்கி எடுத்து, குழந்தையோடு தரையில் உட்காருவது.

தடுமாற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1990-களில் தாராளமயமும் செயற்கைக்கோள் டி.வி.யும் வாழ்த்து அட்டைக் கடைகளும் சேர்ந்து இந்தியாவில் பரப்பிய கொண்டாட்டம் இது. கூடவே எதிர்ப்பும் வந்தது. அட்டைகளைக் கொளுத்துவதும் பூங்காக்களில் ஜோடிகளை விரட்டுவதும் ஆண்டுதோறும் செய்தியாயின. 2009-ல் மங்களூர் பப் தாக்குதலுக்குப் பிறகு, காதலர் தினத்தை எதிர்த்த அமைப்புக்குப் பெண்கள் இளஞ்சிவப்பு உள்ளாடைகளை அனுப்பிப் பதிலடி கொடுத்தார்கள். 2023-ல் விலங்குகள் நல வாரியம், அன்றைய தினம் பசுவைக் கட்டித் தழுவும்படி வேண்டுகோள் விடுத்து, கேலி கிளம்பியதும் சில நாட்களிலேயே அதை வாபஸ் வாங்கியது. இந்தக் கூச்சலில் ஒரு விஷயம் மறந்துபோயிற்று. கடைகள் கைப்பற்றுவதற்கு முன், இது வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டும் நாளாகவும் இருந்தது.

பறவைகள் ஜோடி சேரும் நாளாக இதை 14-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாஸர் பாடினார். பிரிட்டனில் 1840-ல் ஒரு பென்னிக்குத் தபால் என்றானதும் வாழ்த்து அனுப்பும் பழக்கம் பெருகியது. அட்லாண்டிக்குக்கு அப்பால், அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹவ்லண்ட் என்ற இளம்பெண், இங்கிலாந்திலிருந்து வந்த அட்டை ஒன்றைப் பார்த்து, தன்னாலும் முடியும் என்று சரிகைக் காகிதமும் வண்ணப் படங்களும் ஒட்டி மாதிரிகள் தயாரித்தார். அப்பா ஸ்டேஷனரிக் கடைக்காரர். விற்பனைப் பயணம் போன சகோதரர், 200 டாலருக்கு ஆர்டர் கிடைத்தால் போதும் என்று எதிர்பார்த்தார்; வந்தது 5,000 டாலருக்கு என்று சொல்கிறார்கள். தோழிகளைக் கூட்டிவைத்து, ஒருத்தி வெட்ட, இன்னொருத்தி ஒட்ட, வீட்டிலேயே வேலை நடந்தது. பெரும் தொழிலாக வளர்ந்ததன் தொடக்கம் ஒரு வீட்டு அறை.

குழந்தைகளுக்கு இந்த நாளை எப்படி விளக்குவது என்று கவலைப்படுபவர்களுக்கு பின்லாந்து உதவும். அங்கே பிப்ரவரி 14-க்குப் பெயரே நண்பர்கள் தினம். அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகள் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிக்கு வண்ணம் பூசித் தபால்பெட்டி செய்கிறார்கள். வகுப்புத் தோழர்கள் அதில் அட்டை போடுகிறார்கள். அங்கே பல பள்ளிகளில் ஒரு விதி: கொண்டுவந்தால் வகுப்பில் எல்லோருக்கும் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். 1975-ல் அமெரிக்க டி.வி.யில் வந்த கார்ட்டூன் படத்தில் சார்லி பிரவுன் என்ற சிறுவன் பெட்டியோடு காத்திருப்பான். ஓர் அட்டைகூட வராது. அதைப் பார்த்துத் தாங்காமல் நிஜக் குழந்தைகள் அவனுக்கு அட்டை அனுப்பினார்கள். தனக்கு மட்டும் இல்லை என்பது ஏழு வயதில் சின்ன வருத்தம் அல்ல. வீட்டில் அலங்காரம் செய்ய உட்காரும்போதும் அந்த விதி நினைவில் இருக்கட்டும்.

இனி வேலைக்கு வருவோம். முதல் தேவை பசை. இரண்டு மேஜைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டினால் கண்ணாடி போல் ஆகிவிடும். ஆறவைத்துக் கொடுங்கள். பூச்சி அரிக்காமலிருக்க பைண்டிங் கடைகளில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு; அது விஷம், குழந்தைகள் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது. பசை மிஞ்சினால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும். காகிதத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். போன முகூர்த்தத்தில் வந்து குவிந்த கல்யாணப் பத்திரிகைகளே போதும்: சிவப்பு, மெரூன், தங்க ஓரம், நல்ல தடிமன். பட்டம் விடும் ஊர்களில் ஜனவரியில் மிஞ்சிய பட்டக் காகிதமும் உதவும்.

மூன்று, நான்கு வயதுக்குக் கட்டைவிரல் போதும். சிவப்பு வாட்டர்கலரில் தோய்த்து, சாய்வாக ஒரு ரேகை, எதிர்ச்சாய்வாக இன்னொன்று. இரண்டும் கீழே சேர்ந்தால் இதயம். அட்டை முழுக்க இருபது வைத்தால் சுவரில் மாட்ட ஒரு படம் தயார்.

ஐந்து வயதுக்கு மேல் கத்தரிக்கோலைக் கொடுக்கலாம், முனை மழுங்கியதாகப் பார்த்து. காகிதத்தை இரண்டாக மடித்து, மடிப்பு ஓரமாகப் பாதி வெற்றிலை வரையச் சொல்லுங்கள். வெட்டிப் பிரித்தால் இருபுறமும் ஒரே மாதிரி இதயம். இன்னும் இரண்டு மடிப்பு மடித்து ஓரங்களில் சின்னச் சின்னதாக வெட்டி எடுத்தால் ஜன்னல் வேலைப்பாடு. பின்னால் பட்டக் காகிதம் ஒட்டி ஜன்னலில் பதித்தால் வெயில் சிவப்பாக விழும். மதுரா, பிருந்தாவனத்தில் சாஞ்சி என்று காகிதத்தைக் கண்ணறியாத நுட்பத்தில் வெட்டும் கலை உண்டு. அதை ஒரு முறை பார்த்த குழந்தை, கத்தரிக்கோலை எளிதில் கீழே வைக்காது.

வாசலுக்குத் தோரணம் வேண்டுமா? 30 செ.மீ. நீளம், இரண்டரை செ.மீ. அகலத்தில் பட்டைகள். ஒவ்வொன்றையும் நடுவில் மடியுங்கள். மடிப்புதான் இதயத்தின் கூர்முனை. இரு நுனிகளையும் உள்பக்கமாக வளைத்து ஒன்று சேர்த்து ஸ்டேப்லர் அடித்தால் இதயம் நிற்கும். ஸ்டேப்லர் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். பத்து இதயங்களை நூலில் கோத்தால் சாதாரண வாசல்படிக்குப் போதும்.

எட்டு வயதைத் தாண்டியவர்களுக்கு டென்மார்க்கின் பின்னல் இதயம். அங்கே கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்குவது. குழந்தைக் கதைகளின் சக்ரவர்த்தி ஆண்டர்சன் 1860-ல் செய்ததுதான் இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. 8 செ.மீ. அகலம், 24 செ.மீ. நீளத்தில் இரண்டு நிறக் காகிதங்கள். இரண்டாக மடித்து, திறந்த முனைகளை அரைவட்டமாக வெட்டுங்கள். மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து எட்டரை செ.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டு; மூன்று பட்டைகள் கிடைக்கும். ஒரு பட்டையை எதிர்க் காகிதத்தின் முதல் பட்டைக்குள் நுழைத்து, அடுத்ததைத் தனக்குள் வாங்கி, மூன்றாவதற்குள் மறுபடி நுழையுங்கள். அடுத்த பட்டைக்கு இது தலைகீழ். முடிந்ததும் பிரித்தால் பை போலத் திறக்கும். உள்ளே நான்கு கல்கண்டோ ஒரு துண்டுச் சீட்டோ வைக்கலாம். முதல் முயற்சி கிழியும், இரண்டாவது நிற்கும்.

பொறுமை உள்ள வீடுகளுக்கு அரச இலை. இயற்கையே வெட்டி வைத்த இதயம் அது. ஜனவரி நடுவில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, அவ்வப்போது தண்ணீர் மாற்றி வந்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் சதை அழுகிவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாக வருடினால் நரம்பு வலை மட்டும் மிஞ்சும். நாற்றம் அடிக்கும், பால்கனியில் வையுங்கள். குழந்தைகளுக்கு அந்த நாற்றமும் ஒரு சுவாரசியம்தான்.

வேண்டாதவையும் உண்டு. பலூனைச் செருகும் பிளாஸ்டிக் குச்சி, அலங்காரத் தெர்மகோல் இரண்டுக்கும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. பிளாஸ்டிக் ஜிகினாத் தூளை, நுண் பிளாஸ்டிக் என்று 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியது. பத்திரிகையின் தங்க ஓரமே மின்னுவதற்குப் போதும்.

பெற்றோருக்குக் கடினமான வேலை இன்னும் பாக்கி: கையைக் கட்டிக்கொண்டிருப்பது. குழந்தை வெட்டிய இதயம் ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் ஒடுங்கி இருக்கும். அதை "கொஞ்சம் சரி பண்ணி" மாட்டினால், அது அம்மாவின் அலங்காரம் ஆகிவிடும். தான் செய்தது போதவில்லை என்பதையும் குழந்தை சேர்த்தே கற்றுக்கொள்ளும். கோணலாகவே தொங்கட்டும். பையன்களை "இதெல்லாம் பொம்பளைப் பிள்ளைங்க விளையாட்டு" என்று விலக்குபவர்களும் யோசிக்கலாம். அன்பைச் சொல்லக் கூச்சப்படும் ஆண்கள் உருவாவது இப்படித்தான்.

ஒட்டி முடித்ததும், யாருக்கெல்லாம் தரலாம் என்று ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லித் தராதீர்கள். திருநெல்வேலியில் இருக்கும் பாட்டி, மாடிப்படியில் உட்காரும் வாட்ச்மேன், ஸ்கூல் பஸ்ஸில் கை பிடித்து ஏற்றிவிடும் ஆயா, சண்டை போட்டுப் பேசாமலிருக்கும் தோழி என்று அது எங்கெங்கோ போகும். குழந்தையின் உலகத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது பல பெற்றோருக்கு அப்போதுதான் தெரியவரும். பாட்டிக்குத் தபாலில் போகட்டும். வீட்டு வேலைக்கு வருபவரின் மகள் பட்டியலில் இருந்தால், அவளுக்கு ஓர் இதயத்தைக் கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். அவளையும் கூப்பிட்டு, பக்கத்தில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்து உட்காரவையுங்கள். அவளுக்கும் ஒரு பட்டியல் இருக்கும்.